புதுப்பிப்பு: அப்பாவ தெரபி நாய்கிட்ட கூட்டிட்டு போனோம்

அம்மா தவறினதுலேர்ந்து டிப்ரஷன்ல யார்கிட்டயும் பேசாத அப்பாவுக்கு தெரபி நாய் (மனசுக்கு ஆறுதலா இருக்க பழக்கின நாய்) உதவுமான்னு முன்ன கேட்டிருந்தேன்ல, பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஒரு சென்டருக்கு வாலன்டியருங்க அந்த மாதிரி நாய்ங்கள கொண்டு வராங்கன்னு தெரிஞ்சு போனோம். கோல்டன் ரிட்ரீவர், அதுவா வந்து அப்பா முட்டி மேல தாடைய வச்சிடுச்சு, முதல்ல கைய இழுத்துக்கிட்டாரு, அப்புறம் மெதுவா காதுக்கு பின்னாடி சொறிஞ்சுவிட்டு "சாப்டியாடா"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. திரும்ப எப்ப போறோம்னு அவரே கேக்குறாரு.

2019-ல வந்த வாஷிங்டன் ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆய்வுல, நாய் பூனைய 10 நிமிஷம் தடவிக்கொடுத்த ஸ்டூடன்ஸுக்கு கார்டிசோல்ங்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குறைஞ்சிருக்கு. ஆனா இது மருந்துக்கு பதில் கிடையாது, டாக்டர் கொடுத்த மாத்திரைய அப்பா விடாம சாப்பிடுறாரு, நீங்களும் நிறுத்திடாதீங்க. நாய் முடி அலர்ஜி இருந்தா சென்டர்ல முன்கூட்டியே சொல்லிடுங்க.