சைட்டோகைனசிஸ்: பிளவா, பங்கீடா?

வணக்கம் ஐயா.

செல் பகுப்பில், உட்கரு பகுந்தபின் சைட்டோபிளாசம் (குழியவுரு) இரண்டு புதிய செல்களுக்கும் போய்ச்சேரும் கட்டம்தான் சைட்டோகைனசிஸ். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன 'குழியவுருப் பிளவு' விலங்குச் செல்லுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆக்டின், மயோசின் என்ற புரதங்கள் சேர்ந்த வளையம் செல்லின் இடுப்பை இறுக்க, சவ்வு உள்வாங்கி, பள்ளம் ஆழமாகி, செல் இரண்டாகிறது. பிளவுதான், மறுக்கவில்லை. ஆனால் வெங்காய வேர்நுனியில் எதுவும் பிளப்பதில்லை. விறைப்பான செல்சுவரை எந்த வளையமும் இறுக்க முடியாது. அங்கே, செல்லுக்குள் பொருள்களைப் பொதிந்தனுப்பும் கோல்கை உறுப்பிலிருந்து வரும் நுண்பைகள் நடுவில் கூடி, ஒன்றோடொன்று இணைந்து தட்டாகின்றன. அந்தத் தட்டு வெளிப்பக்கமாக வளர்ந்து பழைய சுவரைத் தொடுகிறது. நடப்பது சுவர் எழுப்பும் வேலை. போதாக்குறைக்கு 'பிளவிப்பெருகல்', 'இருபிளவுறுதல்' என்று இனப்பெருக்க முறைகளைச் சொல்லவே பாடநூல்களில் பிளவுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை.

'பகுப்பு', 'பிரிவு' இரண்டும் முழுச் செல் பகுப்பையும் குறிப்பதால், மாணவர்கள் பகுதியை முழுமையென்று எடுத்துக்கொள்கிறார்கள். மூலச்சொல்லைப் பார்த்தும் பயனில்லை. உட்கருப் பகுப்பை ஆய்வாளர் ஷ்லைஷர் 1878இல் 'காரியோகைனசிஸ்' என்றார். அதே அச்சில் உயிரியலாளர் விட்மன் 1887இல் 'சைட்டோகைனசிஸ்' என்ற சொல்லை வார்த்தார். கைனசிஸ் என்றால் அசைவு. அப்படியே பெயர்த்தால் அமீபா ஊர்வதைச் சொல்வதுபோல் இருக்கும்.

என் பரிந்துரை 'குழியவுருப் பங்கீடு'. சைட்டோபிளாசமா குழியவுருவா என்ற பழைய வழக்குக்குள் இப்போது நான் நுழையவில்லை. முன்சொல் எதுவானாலும் 'பங்கீடு' ஒட்டும். பங்கு சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. சினைமுட்டை உருவாகும்போது ஒரு பக்கம் ஏறக்குறைய எல்லாச் சைட்டோபிளாசமும் போய்விடுகிறது. கூடவே உருவாகும் சிறு செல்லான துருவ உடலுக்குக் கிடைப்பது கொசுறு.

பங்கீடே நடக்காத நிலைக்கும் சொல் வேண்டுமே. இளநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னையின் முளைசூழ்தசையில் (விதைக்குள் கருவுக்கு உணவாகும் திசுவில்) உட்கரு மட்டும் பகுந்துகொண்டே போகிறது, இடையில் சுவர் எழுவதில்லை. அதனால்தான் அது நீராக இருக்கிறது. பின்னால் சிரட்டையை ஒட்டிய பக்கத்திலிருந்து சுவர்கள் தோன்றி வழுக்கை படிகிறது. இதைப் 'பங்கீடிலா உட்கருப் பகுப்பு' என்று சொல்லிவிடலாம். 'பிளவிலா' என்று போட்டுப் பாருங்கள், தாவரத்தில் அதற்குப் பொருளே இல்லை.

உங்கள் 'பிளவு' வீணாக வேண்டாம். விலங்குச் செல்லில் விழும் அந்தப் பள்ளத்துக்குப் 'பிளவுப் பள்ளம்' என்றும், வளையத்துக்குச் 'சுருங்கு வளையம்' என்றும் வைத்துக்கொள்வோமா? தாவரத் தட்டைத் தாங்கும் நுண்குழல் அமைப்பான ஃப்ராக்மோபிளாஸ்டுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. 'தடுப்புரு' சரிவருமா, சொல்லுங்கள்.