அம்மாவின் கால் குடைச்சலுக்கு இரும்பு மாத்திரை எவ்வளவு?

வணக்கம், யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். அம்மா படுத்தாலே போதும், கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறதாம். எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. விடியும்வரை கூடத்தில் நடக்கிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஹீமோகுளோபின் சரி, ஆனால் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் அளவு, 28. இந்தத் தொல்லைக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பார்களாம். டாக்டர் ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு மாத்திரை 200 மி.கி. எழுதியிருக்கிறார், அதில் இரும்பு மட்டும் 65 மி.கி.தான். தினமும் ஒன்றா, ஒருநாள் விட்டு ஒருநாளா? அவரிடமும் கேட்கப்போகிறேன். சாப்பிட்டதும் டீ குடிப்பதை நிறுத்தியாச்சு, அது இரும்பைச் சேரவிடாது.

அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா? டாக்டர் எந்த அளவு கொடுத்தார், எத்தனை மாதத்தில் கால் அடங்கியது? இந்த மாத்திரையால் வரும் மலச்சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.