அப்பாவுக்கு மூக்கு வழியா பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன், பண்ணிக்கிட்டவங்க இருந்தா சொல்லுங்க

காவேரிப்பட்டணத்தான்:
அப்பாவுக்கு 56, மாங்கா லோடு டாட்டா ஏஸ் ஓட்டறாரு. ஆறு மாசமா சைடு மிரர எங்கயாவது உரசிட்டே வர்றாரு, வயசாச்சு கண்ணாடி மாத்தலாம்னு கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனா, நேரா நல்லாத்தான் தெரியுது ரெண்டு ஓரமும்தான் தெரியலன்னு எம்ஆர்ஐ எழுதிட்டாரு. மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பில 2.4 செ.மீ. கட்டி, அதான் கண்ணு நரம்ப அழுத்துதாம். பெங்களூர்ல மூக்கு வழியா எடுக்கலாங்கறாங்க. அம்மா "மூக்குல பூந்து மூளைக்கு எப்படிடா போவாங்க"ன்னு ஒரே அழுவ. மாத்திரையில கரையாதா?

பாலக்கோடு மாமா:
தம்பி நான் பண்ணிக்கிட்டவன். மூக்குக்குப் பின்னால ஒரு காத்தறை, அதுக்கு மேல மெல்லிசா எலும்பு, அத தொறந்தா கட்டி அங்கதான் இருக்கு, மூளைய தொடறதே இல்லன்னு அம்மாகிட்ட சொல்லு. தொடையில தையல் பாத்து நான் பயந்துட்டேன், ஓட்டைய அடைக்க அங்கருந்து கொழுப்பு எடுத்துருக்காங்க. வலிய விட மூக்கடைப்புதான் ரோதன. மூக்கு சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மணும், குனிஞ்சு எதுவும் தூக்கக்கூடாது. வாசனையே போயிருச்சு, ஒன்றர மாசம் கழிச்சு ஒருநாள் வீட்ல களி கிண்டறப்போ அடிபுடிச்ச வாசம் வந்துச்சு பாரு, திட்டறதுக்கு பதிலா சிரிச்சேன்.

ஓசூர் சிஸ்டர்:
கரையறது ஒரு வகைதான், புரோலாக்டின்னு பால் சுரக்க வைக்கற ஹார்மோன சுரக்கற கட்டி, அதுக்கு கேபர்கோலின் மாத்திர. ரத்தத்துல புரோலாக்டின் எவ்ளோ இருக்கு?

காவேரிப்பட்டணத்தான்:
38 சிஸ்டர்.

ஓசூர் சிஸ்டர்:
அந்த சைஸ் கட்டி அதையே சுரந்தா நூத்துக்கணக்குல இருக்கும். இது சுரப்பிய மூளையோட சேக்கற தண்ட கட்டி அழுத்தறதால ஏறுன மாதிரி இருக்கு, எதுக்கும் டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. வீட்டுக்கு வந்தப்புறம்தான் கவனம் வேணும். மூக்குல தண்ணியா உப்புக்கரிச்சு சொட்டுனா சளின்னு விடாதீங்க, மூளைத்தண்ணி லீக்கா இருக்கலாம். குடம் குடமா தாகம், ஓயாம ஒண்ணுக்கு போனாலும் சொல்லணும். ஒரு வாரம் வாக்குல சில பேருக்கு ரத்தத்துல சோடியம் எறங்கும், தலவலி வாந்தி கொழப்பம்னு வரும், அதனால ரத்த டெஸ்ட் சொன்ன தேதிய தள்ளாதீங்க. ஸ்டீராய்டு மாத்திர குடுத்தா நீங்களா நிறுத்தவே கூடாது.

காவேரிப்பட்டணத்தான்:
ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு மாமா எழுதுனத படிச்சு காட்டிட்டேன். மா சீசனுக்குள்ள வண்டி எடுத்துடலாமான்னு அப்பா கேக்கறாரு.

பாலக்கோடு மாமா:
ஓரப்பார்வை டெஸ்ட் மறுபடி எடுத்து டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் சாவிய நீ வச்சுக்கோ. இப்பவே வாங்கி வையி, ஆபரேஷனுக்கு முன்னாடியும் ஓட்டக்கூடாது.