காருக்கு டிண்ட் ஒட்டி மூணு நாள், கண்ணாடி பூரா குமிழி

சனிக்கிழமை சிங்கப்பூர் யீஷூனில் காருக்கு டிண்ட் (வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம்) ஒட்டினேன். பின் கண்ணாடியில் அந்த, பனி படிஞ்சா போக்குற சூடு கம்பி ஓரமா, கடுகு தெறிச்ச மாதிரி குமிழி. கடைக்காரர் "காயட்டும் லா" என்கிறார். நம்பலாமா?

பதில் 1: தண்ணிதான் தம்பி, காயும். மல்டி ஸ்டோரி கார் பார்க் நிழலில் போடாம வெயிலில் நிறுத்துங்க. நகத்தால நோண்டாதீங்க.

பதில் 2: குமிழி கிடக்கட்டும், வெளிச்ச அளவு பார்த்தீங்களா? முன் கண்ணாடி, முன் பக்க ஜன்னல்கள் 70 சதவீதமாவது வெளிச்சம் விடணும், பின்னால் 25. எனக்கு வண்டி இன்ஸ்பெக்‌ஷனில் முன் ஜன்னல் ஃபெயில். உரிச்சு, பசை சுரண்டவே ஒரு மத்தியானம் போச்சு.

கேட்டவர்: ரசீதில் முன்னால் 70னு இருக்கு அண்ணே. ஆனா ஒரு குமிழிக்குள்ள முடி கிடக்கே, அதுவும் காயுமா?

பதில் 1: முடி எங்க காயும்! ரசீதோட போய் மாத்தித் தரச் சொல்லுங்க.