ஒரே அளவு ஸ்பீக்கர், பத்து மடங்கு விலை: பணம் எதற்குப் போகிறது?

கேள்வி: நெடுநாள்ரசிகன்

அனைவருக்கும் வணக்கம். என் அறைக்காக இரண்டு ஸ்பீக்கர் ஜோடிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஸ்டாண்டின் மேல் வைக்கும் வகை. இரண்டிலும் தாழ்ந்த ஒலிகளுக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்றும், உயர்ந்த ஒலிகளுக்கு ஓர் அங்குல டோம் ட்வீட்டர் ஒன்றும் இருக்கின்றன. பெட்டியின் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒன்றின் விலை 40,000 ரூபாய், மற்றொன்றின் விலை 4,00,000 ரூபாய்.

என்னைக் குழப்புவது விவரத்தாளில் உள்ள ஓர் எண். மலிவான ஸ்பீக்கரின் உணர்திறன் (1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் கிடைக்கும் சத்தம்) 87 டெசிபல் என்றும், விலை உயர்ந்ததன் உணர்திறன் 84 டெசிபல் என்றும் போட்டிருக்கிறார்கள். பாஸ் இறங்கும் கீழ் எல்லை முன்னதில் 58 ஹெர்ட்ஸ், பின்னதில் 46 ஹெர்ட்ஸ். பத்து மடங்கு பணம் கொடுத்தபின் ஓர் அளவில் பின்தங்கிய பொருள் ஏன் கைக்கு வருகிறது? இரண்டையும் கடையில் கேட்டேன். வேறுபாடு தெரிந்தது, ஆனால் அது பத்து மடங்கு என்று என் காது சொல்லவில்லை. இந்த விலையில் எவ்வளவு பொறியியலுக்குச் செல்கிறது, எவ்வளவு மற்றவற்றுக்குச் செல்கிறது என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஆம்ப்ளிஃபயர் விலைகளுக்கும் இதே கணக்குப் பொருந்துமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி: சுருள்கம்பி

நண்பரே, அந்த 3 டெசிபலில் எந்த ஏமாற்றும் இல்லை. ஸ்பீக்கர் வடிவமைப்பில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1957-இல் தொடங்கிய கேஎல்எச் நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளில் 'எச்' இந்த ஹாஃப்மனுக்கு உரியது. சிறிய பெட்டி, ஆழமான பாஸ், அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் நீங்கள் தேர்ந்துகொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்பதே அந்த விதி. ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மாலும் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். ஒரே வகைப் பெட்டியில், அடையக்கூடிய திறன் (மின்சாரத்தில் ஒலியாக மாறும் பங்கு) பெட்டியின் கொள்ளளவுக்கு நேர்விகிதத்திலும் கீழ் எல்லை அதிர்வெண்ணின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமையும்.

உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். 46-ஐ 58-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் ஏறத்தாழ பாதி வருகிறது. பாதித் திறன் என்றால் 3 டெசிபல் குறைவு. அதாவது விலை உயர்ந்த ஸ்பீக்கரைச் செய்தவர் அதே அளவுப் பெட்டியில் பாஸை ஆழப்படுத்த முடிவெடுத்தார், அதற்கான விலையை உணர்திறனில் செலுத்தினார். 40,000 ரூபாய்க்காரர் வேறு முடிவு எடுத்தார், ஏனெனில் அவருடைய வாடிக்கையாளரிடம் பெரும்பாலும் சிறிய ஆம்ப்ளிஃபயர்தான் இருக்கும். இந்த விதியைப் பணத்தால் வளைக்க முடியாது. இன்னொரு ஆக்டேவ், அதாவது பாதி அதிர்வெண் வரை, கீழே போக வேண்டுமென்றால் எட்டு மடங்கு பெட்டி வேண்டும், அல்லது 9 டெசிபலை இழக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தால் ஆவது, அந்த முடிவின் பின்விளைவுகளைச் சமாளிப்பது. மூடிய பெட்டியில் ஓர் ஆக்டேவ் கீழே அதே சத்தம் தர, கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். அவ்வளவு தூரம் அசைந்தும் ஒலி திரியாமல் இருக்க நீண்ட வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்), பெரிய காந்தம், காந்தப்புலம் நிலையாக நிற்க அதனுள் செம்பு அல்லது அலுமினிய வளையம் ஆகியவை தேவைப்படுகின்றன. உங்கள் இரண்டு வூஃபர்களும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரிந்தாலும், கழற்றித் தராசில் வைத்தால் வேறுபாடு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கிராஸ்ஓவர், அதாவது ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் மின்சுற்று. அது 2,500 ஹெர்ட்ஸில் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 2,500 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 13.7 சென்டிமீட்டர். ஆறரை அங்குல வூஃபரின் கூம்பு விட்டமும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே அந்த இடத்தில் வூஃபர் ஒலியை டார்ச் விளக்குப் போல முன்பக்கமாகக் குவிக்கத் தொடங்கிவிடுகிறது, அங்கே பொறுப்பேற்கும் சிறிய ட்வீட்டரோ ஒலியை அறை முழுவதும் பரப்புகிறது. நேர் எதிரே அமர்ந்து அளந்தால் ஒலியளவின் வரைகோடு சமமாக இருக்கும், பக்கச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியில் மட்டும் ஒரு மேடு தோன்றும். இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. தாழ்ந்த அதிர்வெண்ணையும் தாங்கும் வலுவான ட்வீட்டரைப் போட்டு முன்னதாகவே பிரிக்கலாம், நடுவில் இன்னொரு டிரைவரை (வூஃபர், ட்வீட்டர் போல ஒலி எழுப்பும் உறுப்பை) சேர்க்கலாம், அல்லது ட்வீட்டரைச் சுற்றி வேவ்கைடு எனப்படும் ஆழமற்ற குழிவை அமைக்கலாம். முதல் இரண்டும் ஒவ்வொரு பெட்டியிலும் செலவு வைப்பவை. மூன்றாவதற்குக் கணினிக் கணக்கும் ஓர் அச்சும் போதும், அதன்பின் ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. பல லட்சம் கேட்கும் சில ஸ்பீக்கர்களில் இல்லாத இந்த ஒழுங்கு மலிவான சிலவற்றில் இருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் 40,000 ரூபாய் ஸ்பீக்கரின் ட்வீட்டரைச் சுற்றிக் குழிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சமரசத்தைத் தெரிந்தே செய்த பெட்டிக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கர். ஒலிபரப்பு வண்டிக்குள் பேச்சின் தரத்தைச் சரிபார்க்க 1970-களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார்கள். ஏறத்தாழ 5 லிட்டர் பெட்டி, கெஃப் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பி110 வூஃபர், டி27 ட்வீட்டர், பிர்ச் மர ஒட்டுப்பலகை. வண்டிக்குள் இடமில்லை என்பதால் பாஸையும் உணர்திறனையும் ஒருசேர விட்டுக்கொடுத்தார்கள் (சுமார் 82–83 டெசிபல்), மனிதக் குரலின் இயல்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வூஃபரில் 1,200 ஹெர்ட்ஸ் வாக்கில் இருந்த மேட்டைச் சமன் செய்யவே கிராஸ்ஓவரில் நிறைய உறுப்புகளைச் சேர்த்தார்கள். டிரைவர்களின் உணர்திறன் ஒன்றுக்கொன்று மாறுபட்டதால், தயாரிப்பின்போதே ட்வீட்டரின் மட்டத்தைப் பொருத்திக்கொள்ளப் பல முனைகள் கொண்ட காயிலும் அதில் இருந்தது. இப்படிக் கையால் பொருத்துவதற்கு ஆகும் நேரம்தான் அதன் உண்மையான விலை.

மறுமொழி: கிடங்குக்கணக்கு

ஐயா சொன்ன எல்எஸ்3/5ஏ-யை வைத்தே விலையின் கதையையும் சொல்லிவிடலாம். கெஃப் 2012-இல் தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, அந்தச் சிறு பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு எல்எஸ்50-ஐ வெளியிட்டது. ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே அமைந்த டிரைவர், 85 டெசிபல் உணர்திறன், 79 ஹெர்ட்ஸ் கீழ் எல்லை. அப்போது அமெரிக்காவில் அதன் விலை 1,500 டாலராக இருந்தது. 2020-இல் வந்த அதன் அடுத்த வடிவமும் அதே விலையில்தான் அறிமுகமானது. மறுபுறம், பழைய எல்எஸ்3/5ஏ-யை இன்று அப்படியே மீண்டும் செய்து தரும் சிறு பட்டறைகள் சிலவற்றில் விலை 2,000 பவுண்டைத் தாண்டுகிறது. ஐம்பதாண்டுப் பழைய வடிவமைப்பு புதியதைவிட விலை கூடியதாக இருப்பதற்கு ஒலித்தரம் காரணமன்று, எண்ணிக்கையே காரணம்.

இறக்குமதி ஆடியோ வணிகத்தில் நெடுங்காலம் கணக்கு எழுதியவன் என்பதால் இதை எளிய எண்களில் சொல்கிறேன். ஒரு ஸ்பீக்கரை உருவாக்க ஆய்வு, அச்சு, அளவீடு, மாதிரிகள் எல்லாம் சேர்த்து ஒரு கோடி ரூபாய் ஆனதாக வைத்துக்கொள்வோம். 20,000 ஜோடி விற்றால் ஒவ்வொரு ஜோடியின் தலையிலும் 500 ரூபாய் விழும். 200 ஜோடிதான் விற்கும் என்றால் 50,000 ரூபாய் விழும். ஒரு திருகுகூட மாறாமல் இவ்வளவு வேறுபாடு வந்துவிடுகிறது. அதன்மேல் தொழிற்சாலையின் இலாபம், இறக்குமதியாளரின் பங்கு, கடைக்காரரின் பங்கு, விளம்பரம், பழுது மாற்றித் தரும் பொறுப்பு, கப்பல் கட்டணம், சுங்கம், வரி எல்லாம் ஏறுகின்றன. உள்ளே இருக்கும் பொருளின் விலையைப் போல நான்கைந்து மடங்கு கடையின் விலைச்சீட்டில் வருவது இத்துறையில் வழக்கமான கணக்கு. எனவே தயாரிப்பாளர் கூடுதலாக 2,000 ரூபாய்க்கு ஒரு நல்ல கெபாசிட்டரைப் போட்டால், உங்கள் கையிலிருந்து போவது 8,000 அல்லது 10,000 ரூபாய். நல்ல உறுப்பைச் சேர்க்கப் பொறியாளர்கள் தயங்குவது பெரும்பாலும் இந்தப் பெருக்கலை அறிந்ததனால்தான்.

கனம் இன்னொரு மறைவான செலவு. தடித்த பலகையும் அலுமினியக் கூடும் பெட்டி அதிர்வதைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கிலோக்கள் கப்பலிலும் லாரியிலும் மீண்டும் மீண்டும் கட்டணம் கேட்கும்.

கடைசியாக ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில பொருள்களின் விலை செலவிலிருந்து மேலே ஏறுவதில்லை, எட்ட வேண்டிய வாடிக்கையாளரிடமிருந்து கீழே இறங்குகிறது. 'இந்த வரிசையில் 4 லட்சத்துக்கு நம்மிடம் ஒன்று இல்லை' என்ற கூட்டத்தில் பிறந்த ஸ்பீக்கர்கள் உண்டு. விலையைக் குறைத்தால் இதில் என்னவோ குறை இருக்கிறது என்று கருதி வாங்காமல் போகும் வாடிக்கையாளர்களும் உண்டு. நான் இதை இழிவாகச் சொல்லவில்லை. மேல்பூச்சும் மரவேலையும் பிடித்துப் பணம் கொடுப்பது வாங்குபவரின் உரிமை. ஆனால் அதை ஒலிக்கான செலவாக எழுதுவது தவறான கணக்கு.

மறுமொழி: வெப்பமானி

ஆம்ப்ளிஃபயர் பற்றி யாரும் பேசாததால் அதை மட்டும் எழுதுகிறேன். இங்கே செலவை முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பம். கிளாஸ் ஏ முறையில் (டிரான்சிஸ்டர்களில் எப்போதும் மின்னோட்டம் ஓடும் முறை) 8 ஓம் சுமைக்கு 50 வாட் தரும் புஷ்-புல் (ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் இரட்டைச் சுற்று) ஆம்ப்ளிஃபயர், பாட்டே ஓடாதபோதும் சேனலுக்கு 100 வாட்டுக்குக் குறையாமல் வெப்பமாக்கிக்கொண்டிருக்கும். இரண்டு சேனல் என்றால் 200 வாட். அதை வெளியேற்றக் கனமான அலுமினிய ஹீட் சிங்க், அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மர், வெப்பத்தைத் தாங்கும் கெபாசிட்டர் என்று ஒவ்வொன்றும் விலையைக் கூட்டும். அந்தப் பணம் உண்மையான உலோகத்துக்குத்தான் போகிறது. ஆனால் அந்த உலோகம் தீர்க்கும் பிரச்சினை இன்று வேறு வழியில் தீர்ந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளாஸ் டி முறையில் (டிரான்சிஸ்டர்களை மிக வேகமாக முழுதும் திறந்து மூடும் முறை) பொறியாளர் புரூனோ புட்ஸெய்ஸ் பிலிப்ஸில் தொடங்கி, பின்னர் ஹைபெக்ஸ், பியூரிஃபை நிறுவனங்களில் தொடர்ந்த பணியால், முழுச் சக்தியில் 90 விழுக்காட்டுக்கும் மேலான திறனும் மிகக் குறைந்த திரிபும் உள்ள ஆம்ப்ளிஃபயர் சுற்றுத் தகடுகள் கிடைக்கின்றன. பல நிறுவனங்கள் அத்தகைய தகடுகளை வாங்கித் தம் பெட்டியில் பொருத்தி விற்கின்றன. உள்ளே ஒரே தகடு இருக்க, வெளியே விலை மூன்று நான்கு மடங்கு வேறுபடுவதும் அதனால்தான்.

சுருள்கம்பி அவர்களிடம் ஒரு சிறு மாறுபாடு. கடையில் கேட்ட வேறுபாட்டை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒலி ஆய்வாளர்கள் ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஹார்மன் ஆடியோ நிறுவனத்தில் செய்த சோதனையில், அதே ஸ்பீக்கர்களை அதே ஆட்கள் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டபோதும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோதும் வெவ்வேறு மதிப்பெண் கொடுத்தார்கள். நெடுநாள்ரசிகன் அவர்கள் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பார். இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே சத்தத்தில் ஒலித்தனவா என்பதும் தெரியவில்லை. 87 டெசிபல் ஸ்பீக்கரையும் 84 டெசிபல் ஸ்பீக்கரையும் வால்யூம் குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால், சத்தமான பக்கத்தைக் காது விரும்பிவிடும்.

நெடுநாள்ரசிகன்

மூவருக்கும் மிக்க நன்றி. வெப்பமானி அவர்கள் ஊகித்தது சரி, குமிழை யாரும் தொடவில்லை. 40,000 ரூபாய் ஸ்பீக்கரில் ட்வீட்டரைச் சுற்றிக் குழிவு இருக்கிறது, மற்றதில் தட்டையான முகப்பு. ஒரு விவரத்தை முதலிலேயே எழுதியிருக்கலாம்: அறை 12-க்கு 10 அடி, காங்கிரீட் கூரை, நான்கு பக்கமும் பூசிய சுவர். கேட்கும் இடம் ஸ்பீக்கரிலிருந்து இரண்டரை மீட்டர். சத்தமாகக் கேட்கும் வழக்கம் உண்டு. இதற்கு 46 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஸ்பீக்கர் பயன்படுமா, எவ்வளவு வாட் வேண்டும்?

மறுமொழி: சுருள்கம்பி

12 அடி நீளம் என்றால் 3.66 மீட்டர். அந்த நீளத்தில் ஒலி நின்றலையாகும் (எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் ஒடுங்கியும் நிற்கும்) முதல் அதிர்வெண் சுமார் 47 ஹெர்ட்ஸ். நீங்கள் 4 லட்சம் கொடுத்து வாங்க நினைக்கும் கீழ் எல்லை மிகச் சரியாக அதன்மேல் வந்து விழுகிறது. காங்கிரீட் சுவர் அந்த ஆற்றலை வெளியே விடாது. சுவரருகே அமர்ந்தால் பாஸ் இரைச்சலாகும், நீளத்தின் நட்டநடுவில் அமர்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். 58 ஹெர்ட்ஸில் நிற்கும் ஸ்பீக்கருக்கு இந்த அறையே கொஞ்சம் கீழ்ப்பாஸைச் சேர்த்துக் கொடுக்கும். ஆகவே உங்கள் அறையில் விலை உயர்ந்த பெட்டியின் முக்கியமான ஆதாயம் பயன்படாமலே போகலாம்.

வாட் கணக்கு இப்படி. 87 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டால், இரண்டரை மீட்டரில் அறைக்குள் சுமார் 5 டெசிபல் குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் 3 கூடும், ஆக 1 வாட்டுக்கு 85. உச்சக்கட்டத் தாக்குகளில் 100 டெசிபல் எட்ட மேலும் 15 டெசிபல் வேண்டும், அதாவது சேனலுக்கு ஏறத்தாழ 32 வாட். 84 டெசிபல் ஸ்பீக்கர் என்றால் இதன் இருமடங்கு. நேர்மையாக 50 வாட் தரும் சாதாரண ஆம்ப்ளிஃபயர் முதல் ஸ்பீக்கருக்குத் தாராளமாகப் போதும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 3 மீட்டர் நீளத்துக்குப் போய்வர 0.04 ஓம்தான் தடை காட்டும் என்பதால், கம்பிக்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. கடையில் ஒரு நாள் மட்டும் வீட்டுக்குத் தரச் சம்மதித்தால், இரண்டையும் உங்கள் அறையிலேயே வைத்து, கைபேசிச் செயலியில் சத்தத்தைச் சமப்படுத்தி, வீட்டில் ஒருவரைத் துணிக்குப் பின்னால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

மறுமொழி: கிடங்குக்கணக்கு

வீட்டுக்குத் தருவார்கள், கேளுங்கள். காட்சிக்கு வைத்த ஜோடி என்றால் இன்னும் எளிது. அதை வாங்குவதாக இருந்தால் விலையையும் அன்றே பேசுங்கள், ஏனெனில் மேலே நான் சொன்ன பங்குகளில் கடைக்காரரின் பங்கு ஒன்றுதான் நேரில் பேசினால் குறையக்கூடியது.