ஏர் ரைஃபிள், பெல்லட், ஸ்கோப்: ஆன்லைனில் எதுவரை விற்கலாம்?

பீளமேட்டுக் கடை

வணக்கம்ங்க. கோயம்புத்தூரில் அப்பா 1994ல் ஆரம்பித்த கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். டீலர் லைசென்ஸ் என் பெயருக்கு மாறி ஒரு வருஷம் ஆகிறது. அப்பா காலத்தில் தோட்டக்காரர்கள் 12 போர் துப்பாக்கிக்குத் தோட்டா வாங்க வருவார்கள். இப்போது அவர்கள் வருவது அபூர்வம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பழகும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்தான் அதிகம், அவர்களும் விலையை முதலில் போனில் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அதனால் ஒரு வெப்சைட் போட்டேன். காற்றழுத்தத்தால் சுடும் ஏர் ரைஃபிள், அதில் போடும் பெல்லட் குண்டு, குறிபார்க்கும் ஸ்கோப், அதைப் பொருத்தும் மவுன்ட், தோளில் மாட்டும் ஸ்லிங், உறை, ஏர் கன்னில் மாட்டும் சத்தம் குறைக்கும் குழாய் என்று 60 அயிட்டம். மூன்றாவது வாரத்திலேயே ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே கம்பெனிக்காரர்கள் என் கணக்கை மூடிவிட்டார்கள். எனக்கு வரவேண்டிய 41,000 ரூபாய் அவர்களிடமே நிற்கிறது. காரணம் ‘ஆயுதம்’ என்று ஒரே வார்த்தை. சட்டப்படி லைசென்ஸே வேண்டாத சாமானைத்தானே விற்றேன்? இந்தத் தொழிலில் இருக்கிற பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

வைகைக்கரை டீலர்

தம்பி, மதுரையில் 1986லிருந்து இதே தொழில்தான் எனக்கு. 2017ல் நானும் வெப்சைட் போட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பணத்தில் ஆரம்பிக்கிறேன். கேட்வேக்கு விண்ணப்பம் போடும்போது தொழில் என்ற இடத்தில் என்ன எழுதினீங்க? ‘விளையாட்டுச் சாமான்’ என்று எழுதியிருந்தால் தப்பு அங்கேதான். சட்டம் ஒரு பொருளை அனுமதித்தாலும் அந்தக் கம்பெனி தன் பட்டியலில் அதை வேண்டாமென்று வைத்திருக்கலாம். அது அவர்கள் உரிமை. கடை லைசென்ஸ் நகல், விற்ற பில்கள், ஒவ்வொரு மாடலும் எந்த வகை என்ற விவரம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்க. நானே பொருளைப் பச்சையாகச் சொல்லித்தான் விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஸ்கோப், உறை, டார்கெட் அட்டைக்கு மட்டும் சம்மதித்தார்கள். ரைஃபிளுக்குக் கடையின் கரன்ட் அக்கவுன்டில்தான் பணம் வாங்குகிறேன், அதுவும் போனில் பேசிய பிறகு.

இனி ‘லைசென்ஸ் வேண்டாத சாமான்’ என்கிற விஷயம். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ.க்குள், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால்தான் அந்த விலக்கு. இரண்டில் ஒன்று தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும். 5.5 மி.மீ. குழல் எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் விலக்கு கிடையாது. உங்கள் பக்கத்தில் ‘1000 எஃப்பிஎஸ் பவர்’ (நொடிக்கு 1000 அடி வேகம்) என்று ஏதாவது போட்டிருக்கீங்களா? நிறையப் பேர் போடுகிறார்கள். கணக்கைப் பாருங்க. போட்டிக்குப் பயன்படும் பெல்லட் 0.53 கிராம். 1000 எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு சுமார் 305 மீட்டர். எடையைக் கிலோவாக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் ஏறக்குறைய 24.6 ஜூல் வருகிறது. விலக்கு இல்லாத துப்பாக்கியை விற்கிறேன் என்று நம் கையாலேயே எழுதிக்கொடுத்த மாதிரி! உண்மையில் அந்த வேகத்தை 0.33 கிராம் இலேசான பெல்லட்டை வைத்து எடுத்திருப்பார்கள், அதில் 15 ஜூல்தான் வரும். பெட்டியில் அச்சடித்ததை நம்பாதீங்க. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று வாங்கி, ஒவ்வொரு மாடலையும் நீங்களே சுட்டுப் பாருங்க. போட்டி ரைஃபிள் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகும், அது 8 ஜூல்கூட வராது. பத்து மீட்டரில் பேப்பர் ஓட்டைபோட அதற்கு மேல் எதற்கு?

அந்தச் சத்தம் குறைக்கும் குழாயை இன்றைக்கே எடுத்துவிடுங்க. 1959 ஆயுதச் சட்டம் 2வது பிரிவில் துப்பாக்கி என்பதன் விளக்கத்திலேயே சத்தத்தையும் தீச்சுடரையும் குறைக்கும் உபகரணமும், துப்பாக்கியின் பாகங்களும் சேர்ந்திருக்கின்றன. இது ஏர் கன்னுக்குத்தான் என்று நீங்க சொல்லலாம். வேறெதிலும் மாட்டாது என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டியவரும் நீங்கதான். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி விற்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். 800 ரூபாய்க் குழாய்க்காக அப்பாவின் கடையைப் பணயம் வைக்காதீங்க.

ஸ்கோப், மவுன்ட், ஸ்லிங், உறை, பூட்டு இதெல்லாம் தைரியமாகப் போடலாம். விளம்பரத்தில் கவனம் வேண்டும். கூகுள் விளம்பரத்தில் பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட், சின்ன உருண்டை சுடும் பிபி கன் உட்பட எந்தத் துப்பாக்கிக்கும் இடமில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் துப்பாக்கியை விளம்பரப்படுத்த முடியாது, ஸ்கோப், உறை மாதிரியானவற்றை 18 வயதுக்கு மேல் என்று குறித்துப் போடலாம். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கில் ஆயுதம் வைப்பதும் அவர்கள் கொள்கைக்கு விரோதம். ஸ்கோப்பைப் படம் எடுக்கும்போது தனியாகத் துணி மேல் வைத்து எடுங்க.

12 போர், தோட்டா பக்கம் போகவே வேண்டாம். நம் லைசென்ஸில் கடையின் கதவு எண்ணே எழுதியிருக்கிறது. வாங்குகிறவர் ஒரிஜினல் லைசென்ஸோடு வந்து, நாம் அதில் பதிந்து, ரிஜிஸ்டரில் ஏற்றித்தான் தோட்டா கைமாற வேண்டும். வெப்சைட்டில் கடை முகவரியும் திறக்கும் நேரமும் போதும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்றில்லை. 2018ல் ஒரு ஆர்டர் வந்தது. பெயர், கார்டு, ஆதார் எல்லாம் 64 வயதுப் பெரியவருடையது. அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் நாள் ஒரு அம்மா போன் செய்தார்கள். வாங்கியது அவர்களுடைய பதினைந்து வயது மகன், தாத்தாவின் கார்டில். பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறார்கள். பையன் மொட்டை மாடியிலிருந்து மைனாவைக் குறிவைத்துச் சுட, பெல்லட் எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்து, தொட்டிலுக்கு மேலே சுவரில் அடித்திருக்கிறது. தொட்டிலில் குழந்தை இருந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, ‘ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்’ என்று மட்டும் சொன்னார்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேப்பர்படி என் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஆனால் அந்தத் தொட்டில் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு என் வெப்சைட்டில் ரைஃபிளுக்கு ‘வாங்கு’ பட்டனே கிடையாது. ‘விசாரிக்க’ என்றுதான் இருக்கும். நானே போன் செய்வேன். எங்கே பழகப்போகிறீர்கள், பின்னால் மண்மேடோ சுவரோ இருக்கிறதா, வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று கேட்பேன். சிறு பிள்ளைக்கு என்றால் பயிற்சியாளரிடமும் பேசுவேன். முடிந்தவர்களைக் கடைக்கே வரச்சொல்வேன். பத்தில் மூன்று பேர் பாதியில் போனை வைத்துவிடுவார்கள். அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்.

குளத்துப்பறவை

நான் கடைக்காரன் இல்லை, பறவை பார்க்கிறவன். டீலர் ஐயா சொன்ன மைனாவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சில விற்பனைப் பக்கங்களில் வாடிக்கையாளர் அனுப்பிய படம் என்று செத்த கொக்கையும் கிளியையும் போடுகிறார்கள். 1972 வன உயிரினச் சட்டப்படி அது வேட்டை. அருணாச்சலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர் கன்னைத் தாங்களாகவே ஒப்படைக்கும் இயக்கம் ஆரம்பித்தார்கள், ஊர் ஊராக மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பீளமேட்டுக் கடைக்காரர் தன் பக்கத்தில் அப்படி ஒரு படம்கூட வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேனி விவசாயி

இடையில் என் சந்தேகம். அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய டபுள் பேரல் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு ஃபேஸ்புக் குரூப்பில் படம் போட்டால் லைசென்ஸ் உள்ளவர் யாராவது வாங்கிக்கொள்வாரா?

வைகைக்கரை டீலர்

அப்பா போனதுக்கு வருந்துகிறேன் தம்பி. படம் போடாதீங்க. அது இப்போது உங்கள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. சட்டத்தின் 21வது பிரிவுப்படி தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்க. எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்க. பிறகு கலெக்டர் ஆபீசில் வாரிசு மனு கொடுக்கலாம், அல்லது டீலர் வழியாக விற்கலாம். லைசென்ஸ் வைத்திருப்பவரே இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதானாலும் எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழித்துத்தான் கைமாற்ற முடியும். நாளைக் காலையிலேயே போங்க.

பீளமேட்டுக் கடை

ஐயா, குழாயை எடுத்துவிட்டேன். ‘1000 எஃப்பிஎஸ்’ ஏழு இடத்தில் இருந்தது, அதையும். நண்பரின் குரோனோகிராஃபை வாங்கி அதிகம் விற்கும் மாடலைச் சுட்டேன். 0.53 கிராம் பெல்லட்டில் நொடிக்கு 232 மீட்டர், அதாவது 14 ஜூல் சொச்சம். கேட்வேக்கு லைசென்ஸ் நகலோடு மெயில் போட்டிருக்கிறேன். காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் அழுத்தி நிரப்பும் பிசிபி ரைஃபிளை எப்படி அனுப்புகிறீர்கள்?

வைகைக்கரை டீலர்

சிலிண்டரில் 200 பார் அழுத்தக் காற்றோடு அனுப்பவே கூடாது. முழுக்க இறக்கிவிட்டு, ‘காலி’ என்று சீட்டு ஒட்டி, தரைவழி பார்சல் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கூரியரிடம் எழுதியே கொடுங்க, சிலர் எடுக்க மாட்டார்கள், பரவாயில்லை. ஆர்டர் போட்டவர் கையில், அடையாள அட்டை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், பக்கத்து வீடு கூடாது.

இன்னொன்று. ஒரு முறை சுட்டதை வைத்து எழுதிவிடாதீங்க. பத்து முறை சுட்டு, அதில் அதிகமாக வந்த வேகத்தைப் பெல்லட்டின் எடை, தேதியோடு அட்டையில் எழுதி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைங்க. அதே எண்ணை ரிஜிஸ்டரிலும் ஏற்றுங்க.