விஎம்வேரிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றிய ராக்கி லினக்ஸ் பூட் ஆகவில்லை

கேள்வி:
விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐயில் நன்றாக ஓடிய ராக்கி லினக்ஸ் 9 மெஷினை ஷட்டவுன் செய்து, அதன் டிஸ்க் இமேஜான விஎம்டிகே கோப்பை கியூகவ்2 வடிவத்துக்கு மாற்றி, அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸில் இணைத்தேன். க்ரப் (பூட் லோடர்) மெனு வருகிறது, கர்னலும் தொடங்குகிறது, அப்புறம் ரூட் டிஸ்க் இல்லை என்று ட்ராகட் எமர்ஜென்சி ஷெல்லில் நின்றுவிடுகிறது. இமேஜ் கெட்டுப்போய்விட்டதா?

பதில் 1:
க்ரப் வந்து கர்னலும் ஏறுகிறதென்றால் இமேஜைச் சந்தேகிக்க வேண்டாம். ரூட் டிஸ்கை ஏற்றும் முன் கர்னல் பயன்படுத்தும் தற்காலிகத் தொடக்க இமேஜ்தான் இனிட்ராம்எஃப்எஸ், அதை உருவாக்கும் கருவி ட்ராகட். ட்ராகட் இயல்பாகவே அந்த மெஷினுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும்தான் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைக்கும், அங்கே இருந்தது விஎம்வேரின் ஸ்கஸி டிஸ்க் கன்ட்ரோலர், இங்கே விர்ட்ஐஓ என்ற வேறு வகை, அதனால்தான் டிஸ்க் கண்ணில் படவில்லை. க்ரப்பில் ரெஸ்க்யூ கர்னலைத் தேர்ந்தெடுங்கள், அதில் பொதுவான டிரைவர்கள் எல்லாம் இருக்கும். உள்ளே போனதும் எல்லா கர்னலுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை ட்ராகட்டால் மறுபடி உருவாக்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

பதில் 2:
இதேபோல் மாற்ற வேண்டிய விண்டோஸ் மெஷினும் இருந்தால் அதை முதலில் சாட்டாவில் இணைத்து பூட் செய்யுங்கள். கூடவே 1 ஜிபி விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைச் சேர்த்து டிரைவரை நிறுவிய பிறகே பூட் டிஸ்கை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீலத்திரைதான். பழைய விஎம்டிகேயை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

கேட்டவர்:
ரெஸ்க்யூ கர்னல் வழியாகச் சரியாகிவிட்டது, மிக்க நன்றி! நெட்வொர்க் மட்டும் வரவில்லை.

பதில் 1:
இன்டர்ஃபேஸ் பெயர் மாறியிருக்கும். நெட்வொர்க்மேனேஜர் ப்ரொஃபைலில் புதுப் பெயரைப் போடுங்கள்.